ப்ளூஸ் பாடுறவங்களைத் தேடிப் போன ஆராய்ச்சிக்காரங்க: ஒரு கேள்வியும் நீண்டுபோன பதில்களும்

கேள்வி, 2 ஜூன் 2018

ப்ளூஸ்ங்கிறது பருத்திக்காட்டுல வேலை செஞ்ச கறுப்பின மக்களோட அழுகைப் பாட்டு. ஆலன் லோமாக்ஸ் மாதிரி ஆளுங்க டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு கிராமம் கிராமமா போகலைன்னா மடி வாட்டர்ஸ்னு ஒருத்தர் இருந்ததே உலகத்துக்குத் தெரிஞ்சிருக்காது. பின்னாடி சிகாகோ போயி காசுக்காக எலக்ட்ரிக் கிடார் மாட்டி க்ளப்ல வாசிச்சதெல்லாம் கலப்படம்னு நான் நினைக்கிறேன். மானுடவியல் படிச்சவங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்க?

3 ஜூன் 2018, காலை

பாதி சரி, பாதிக்கு மேல தப்பு.

முதல்ல, டேப் ரெக்கார்டர் கிடையாது. கார் டிக்கியில ஏத்திட்டுப் போற கனமான மெஷின், பாடப் பாட தட்டுல நேரா செதுக்கும். 1941 ஆகஸ்ட்ல லோமாக்ஸ் அதை எடுத்துக்கிட்டு தனியா மிசிசிப்பி போறாரு, கோஹோமா கவுன்டி, க்ளார்க்ஸ்டேல் ஊருக்கு வெளியில ஸ்டோவால்னு ஒரு பண்ணை, அங்க ட்ராக்டர் ஓட்டிட்டிருந்த மக்கின்லி மோர்கன்ஃபீல்டுங்கிற ஆளைத் தேடி. அந்த ஆளுதான் மடி வாட்டர்ஸ். வெள்ளைக்காரன் ஒருத்தன் நம்ம பேரைச் சொல்லி விசாரிக்கிறான்னதும் அவருக்கு வந்த முதல் சந்தேகம் என்ன தெரியுமா, திருட்டு விஸ்கி விக்கிறது தெரிஞ்சுபோச்சு, பிடிக்க வந்துட்டானுங்கன்னு.

அந்த விஸ்கியை விட்டுடாதீங்க. சனிக்கிழமை ராத்திரியானா அவர் குடிசைதான் ஜூக் ஹவுஸ், சாராயம், சாப்பாடு, சூதாட்டம், நடுவுல அவரோட கிடார். வயக்காட்டுல உக்காந்து தனியா அழுதுட்டிருந்த ஆள் இல்லை, கடை நடத்திட்டிருந்தவர்.

3 ஜூன் 2018, ராத்திரி

காலையில விட்டுப்போனது. அப்போ மடி என்னென்ன பாட்டு வாசிப்பார்னு ஒரு பட்டியல் எழுதி வச்சிருக்காங்க, அதுல ப்ளூஸ் மட்டும் இல்லை. சினிமா கௌபாய் ஜீன் ஆட்ரியோட பாட்டு ஒண்ணு ரெண்டு இல்ல, நிறைய. அந்த வருஷ சினிமா ஹிட்டு 'சட்டனூகா சூ சூ'வும் இருக்கு. சன் சிம்ஸ்னு ஒரு வயலின்காரரோட சேர்ந்து வாசிப்பார், வெள்ளைக்காரங்க ஆட்டத்துக்கும் போவாங்க, அங்க என்ன கேக்குறாங்களோ அதை வாசிக்கணும் இல்லையா.

அதே சமயம் க்ளார்க்ஸ்டேல்ல அஞ்சு கடையில இருந்த, காசு போட்டா ரெக்கார்டு பாடுற ஜூக் பாக்ஸுல என்னென்ன ரெக்கார்டு இருந்துச்சுன்னு லூயிஸ் ஜோன்ஸ்ங்கிற சமூகவியலாளர் குறிச்சு வச்சாரு. கவுன்ட் பேஸி, லூயிஸ் ஜோர்டன், ஃபேட்ஸ் வாலர். மிசிசிப்பி டெல்டாவுக்கு நடுவுல! ப்ளூஸ் பிறந்த மண்ணுன்னு நாம கும்பிடுற ஊர்ல ஜனங்க காசு போட்டுக் கேட்டது நியூயார்க் டான்ஸ் பாண்டு. எனக்கு இது முதல்ல தெரிஞ்சப்ப கொஞ்சம் கடுப்பாவே இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா.

5 ஜூன் 2018

ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன், திருத்திக்கிறேன். லோமாக்ஸ் "தனியா" போனார்னு எழுதினேன். தனியா போகல. கூட இருந்தவர் ஜான் வொர்க், நாஷ்வில்ல ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துல இசைப் பேராசிரியர், கறுப்பினத்தவர். கூட இருந்தவர்னு சொல்றதே அநியாயம், மூல யோசனையே அவரோடது.

கதை 1940 ஏப்ரல் 23ல ஆரம்பிக்குது. மிசிசிப்பியில நாட்செஸ் ஊர்ல ரிதம் க்ளப்னு ஒரு ஹால். சிகாகோவுல இருந்து வால்டர் பார்ன்ஸ் பாண்டு வந்து வாசிக்குது. அலங்காரத்துக்கு மரத்துல தொங்குற காஞ்ச பாசியை உத்தரமெல்லாம் கட்டி, பூச்சி வராம இருக்க அதுல மருந்து அடிச்சு வச்சிருக்காங்க. டிக்கெட் வாங்காதவங்க எட்டிப் பாக்கக் கூடாதுன்னு ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு. வாசல் ஒண்ணே ஒண்ணு. தீ பிடிச்சது, 209 பேர் செத்தாங்க. பார்ன்ஸும் அவர் பாண்டுல பெரும்பாலானவங்களும் போயிட்டாங்க.

வொர்க் என்ன யோசிச்சார்னா, இவ்வளவு பெரிய சாவுக்கு ஒரு வருஷம் ஆனா ஜனங்க கண்டிப்பா பாட்டு கட்டியிருப்பாங்க, போய்ச் சேகரிக்கலாம்னு. தன் காலேஜ் தலைவருக்கு எழுதினார். அது கை மாறி கை மாறி, லோமாக்ஸ் வேலை பாத்த அரசாங்க நூலகம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சேர்ந்து, நாட்செஸ் போயி கோஹோமா வந்து, கடைசியில எல்லார் வாயிலயும் "லோமாக்ஸ் போனார், மடியைக் கண்டுபிடிச்சார்". அன்னைக்குக் காலையில நான் எழுதினதும் அதேதான். வொர்க், ஜோன்ஸ், சாமுவேல் ஆடம்ஸ்னு ஒரு மாணவர், மூணு பேரும் எழுதின கையெழுத்துப் பிரதி எங்கயோ ஃபைல்ல காணாமப் போயி 2005லதான் புத்தகமா வந்துச்சு. லோமாக்ஸோட நினைவுப் புத்தகம் 1993லயே வந்து பரிசும் வாங்கிடுச்சு. வொர்க் பேரு அதுல பட்டும் படாம.

அந்த நாட்செஸ் தீயைப் பத்தி ஹவ்லின் வுல்ஃப்னு ஒரு ப்ளூஸ் பாடகர் 1956ல பாடியிருக்கார். ஆக வொர்க் யோசிச்சது தப்பே இல்லை.

6 ஜூன் 2018

சரி, கேள்வியில மானுடவியல்னு கேட்டிருந்தீங்க, நான் ஊரைச் சுத்திட்டு வரேன். சார்ல்ஸ் கீல்னு ஒருத்தர், சிகாகோ பல்கலைக்கழகத்துல மானுடவியல் படிச்சவர், வெள்ளைக்காரர், தானும் வாத்தியம் வாசிக்கிறவர். 'அர்பன் ப்ளூஸ்'னு 1962ல ஒரு புத்தகம் போட்டார். அந்தச் சமயம் மத்த எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தாங்க? 1920கள்ல ரெக்கார்டு கொடுத்துட்டு மறைஞ்சுபோன கிழவர்களைத் தேடி கார்ல அலைஞ்சிட்டிருந்தாங்க. கீல் அதைக் கிண்டல் பண்றார்: ப்ளூஸ்காரன்னா அறுபது வயசு தாண்டியிருக்கணும், கண்ணு தெரியக் கூடாது, கை முடங்கியிருக்கணும், பல்லு இருக்கக் கூடாது, அப்பதான் இவங்களுக்கு அசல்.

லோனி ஜான்சன்ங்கிற பழைய ப்ளூஸ்காரர்கிட்ட பேட்டி கேட்டுப் போனப்ப அவர் கேட்டாராம், எனக்குக் கக்கத்துல கட்டை முட்டுக் கொடுக்க வந்த இன்னொரு ஆளா நீயின்னு. கக்கம்னு நான் மரியாதைக்குப் போட்டேன், அவர் சொன்ன இடம் வேற.

கீல் போனது பாபி ப்ளாண்ட் மேடைக்கு, பி.பி. கிங்கோட மேடைக்குப் பின்னாடி. கோட்டு சூட்டு போட்டு, பஸ்ல பாண்டை ஏத்திக்கிட்டு, ஹார்ன் செக்‌ஷனோட வர்ற ஆளுங்க. கறுப்பின ஜனங்க அன்னைக்குக் காசு கொடுத்துப் பாத்தது இவங்களைத்தான். மேடையில பாடகர் செய்யற வேலைக்கும் சர்ச்சுல போதகர் செய்யற வேலைக்கும் எவ்வளவு நெருக்கம், கூட்டம் எப்படிப் பதில் குரல் கொடுக்குது, ஒரு வரியை எங்க நிறுத்தினா பொம்பளைங்க கத்துவாங்க, இதெல்லாம்தான் அவருக்கு ஆராய்ச்சி. அழிஞ்சுபோறதைக் காப்பாத்துற வேலை இல்லை, நடந்துட்டிருக்கிற தொழிலைப் பாக்குற வேலை.

பி.பி. கிங் 1956ல மட்டும் 342 ராத்திரி வாசிச்சிருக்கார். வருஷத்துக்கு 23 நாள் லீவு. நாமெல்லாம் வேலை ஜாஸ்தின்னு புலம்புறோம்.

6 ஜூன் 2018, பத்து நிமிஷம் கழிச்சு

1956 லீப் வருஷம். 24 நாள் லீவு. மனுஷனுக்கு ஒரு நாள் கூடக் கிடைச்சுது.

7 ஜூன் 2018

கீல் புத்தகம் 1966. 62ன்னு தப்பா அடிச்சுட்டேன். எடுத்துச் சொன்னவருக்கு நன்றி, ஆனா "ஆதாரம் இல்லாம அடிச்சு விடுறார்"ங்கிறது கொஞ்சம் ஓவர்.

கிழவரைத் தேடுற கதையில எனக்குப் பிடிச்சது சன் ஹவுஸ். 1964ல மூணு பேர் மிசிசிப்பியெல்லாம் தேடிட்டு கடைசியில நியூயார்க் மாநிலத்துல ராச்செஸ்டர்ல கண்டுபிடிக்கிறாங்க. ரயில்வேயில வேலை பாத்துட்டு, கிடாரைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. பழைய பாட்டெல்லாம் மறந்துபோச்சு. ஆலன் வில்சன்னு ஒரு வெள்ளைக்காரப் பையன், இருபது இருபத்தியொரு வயசு, அவரோட ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தவன், கூட உக்காந்து அவருக்கே அவர் பாட்டை ஞாபகப்படுத்திக் கொடுத்தான். அப்புறம் அவர் மேடையேறி வாசிச்சா "ஆஹா, கலப்படமே இல்லாத அசல்".

11 ஜூன் 2018

சொந்த அனுபவம் கேட்டிருந்தாங்க. நான் சிகாகோவுல நாலரை வருஷம் இருந்தேன், ஆபீஸ் வேலைதான், இசைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. வடக்குப் பக்கம் ஹால்ஸ்டெட் தெரு பக்கத்துல வீடு. முதல் மாசம் ஒரு ப்ளூஸ் க்ளப்புக்குப் போனேன், பேரு வேண்டாம். கூட்டம் முழுக்க என்னை மாதிரி வெளியூர்க்காரங்க, கன்வென்ஷனுக்கு வந்தவங்க, ஜெர்மன்காரங்க, ஜப்பான்காரங்க. மேடையில இருந்த அஞ்சு பேரும் கறுப்பினத்தவங்க. கீழ ஒருத்தர் கூட இல்லை, பார்ல ஊத்திக் கொடுக்குற அம்மாவைத் தவிர.

டிப்ஸ் பக்கெட் வந்துச்சு. பிளாஸ்டிக் பக்கெட், பெயின்ட் டப்பா மாதிரி, பாடகரே இடைவேளையில டேபிள் டேபிளா தூக்கிட்டு வருவார். நான் ஒரு டாலர் போட்டுட்டு ரொம்ப விவரமானவன் மாதிரி 'ஸ்வீட் ஹோம் சிகாகோ' வாசிங்கன்னு கேட்டேன். ராபர்ட் ஜான்சன் 1936ல ரெக்கார்டு பண்ணினது எனக்குத் தெரியும்னு காட்டிக்கணும். அவர் என்னைப் பாத்தார், பக்கெட்டைப் பாத்தார். "இருபது டாலர் தம்பி"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், நானும் ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சேன், பக்கெட் மட்டும் நகரவே இல்லை. போட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு டேவிட் க்ரேஸியன்னு ஒரு சமூகவியலாளர் சிகாகோ க்ளப்புங்களைப் பத்தி 2003ல எழுதினதைப் படிச்சேன். அவர் சாக்ஸஃபோன் எடுத்துட்டுப் போயி ஜாம் செஷன்ல சேர்ந்து வாசிச்சே ஆராய்ச்சி பண்ணினவர். ராத்திரிக்கு ராத்திரி அதே நாலஞ்சு பாட்டையே கேக்குற கூட்டத்துக்கு முன்னாடி அந்த வாத்தியக்காரங்க எப்படிச் சலிச்சுப் போறாங்க, டூரிஸ்ட் மனசுல இருக்கிற "அசல்" சித்திரத்துக்கு ஏத்த மாதிரி எப்படித் தங்களை வச்சுக்க வேண்டியிருக்குன்னு எழுதியிருக்கார். எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அதே பாண்டுல பேஸ் வாசிச்சவரோட பழக்கமாச்சு. பகல்ல ஸ்கூல் பஸ் ஓட்டுறார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு டிப்போவுல இருக்கணும், ராத்திரி கடைசி செட்டு ரெண்டு மணிக்கு முடியும். நடுவுல எப்பத் தூங்குவீங்கன்னு கேட்டா, மூணாவது செட்டுலன்னார்.

12 ஜூன் 2018

ஒருத்தர் பறையாட்டத்தோட ஒப்பிட்டு எழுதச் சொல்றார். எனக்குப் பறை பத்தித் தெரிஞ்சது மேம்போக்கு, தெரிஞ்சவங்க தனி இழை போடுங்க, வந்து படிக்கிறேன்.

பி.பி. கிங்கும் ட்ராக்டர் டிரைவரான்னு கேட்டவருக்கு: ஆமா, மிசிசிப்பியில இண்டியானோலாவுல. 1946ல ட்ராக்டரை நிறுத்துறப்ப புகைக்குழாயை உடைச்சுட்டு, பயத்துல கிடாரை எடுத்துக்கிட்டு மெம்ஃபிஸுக்கு ஓடிட்டார். ஒரு குழாய் உடையலைன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கங்க.

20 ஜூன் 2018

மானுடவியல்ல முக்கியமான ஆளையே விட்டுட்டேன், சோரா நீல் ஹர்ஸ்டன். நாவலாசிரியரா தெரியும் பல பேருக்கு. பார்னார்ட் காலேஜ்ல ஃப்ரான்ஸ் போவாஸ்கிட்ட மானுடவியல் படிச்சவர். கறுப்பினப் பெண், ஃப்ளோரிடாவுல ஈட்டன்வில்ல வளர்ந்தவர். 1920கள் கடைசியில போல்க் கவுன்டியில மரம் அறுக்குற கம்பெனி முகாமுக்குப் போறாங்க, பாட்டும் கதையும் சேகரிக்க. யாரும் வாயைத் திறக்கல. ஏன்னா புதுக் கார், மேசீஸ்ங்கிற பெரிய கடையில வாங்கின 12.74 டாலர் கவுன். போலீஸ் உளவாளியா இருப்பாளோன்னு சந்தேகம். உடனே அந்தம்மா ஒரு பொய் சொன்னாங்க: நான் திருட்டுச் சாராயம் கடத்துறவ, என்னைத் தேடுறாங்க, ஒளிஞ்சிருக்கேன்னு. அவ்வளவுதான், எல்லாரும் நம்ம பொண்ணுன்னு சேர்த்துக்கிட்டாங்க.

மடி பயந்தது சாராயம் பிடிக்கிறவன்னு. ஹர்ஸ்டன் பிழைச்சது சாராயக்காரின்னு சொல்லி. இதுக்கு மேல ஆராய்ச்சி முறை பத்தி நான் என்னத்தைச் சொல்ல.

அங்க பிக் ஸ்வீட்னு ஒரு பெண் இவங்களுக்குப் பாதுகாப்பா நின்னாங்க, கடைசியில ஜூக்குல கத்திச் சண்டை வந்து ஹர்ஸ்டன் காரை எடுத்துட்டு ஓட வேண்டியதாச்சு. 1939ல ஃப்ளோரிடாவுல அரசாங்கத் திட்டத்துக்காகப் பதிவு பண்ணினப்ப அவங்களே பாடினாங்க. எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுக்குச் சொன்னது: கூட்டத்தோட நிப்பேன், கேப்பேன், சேர்ந்து பாடுவேன், வரிகளெல்லாம் மனசுல பதியற வரைக்கும் பாடிட்டே இருப்பேன், அப்புறம் அவங்ககிட்டயே பாடிக் காட்டுவேன், சரின்னு அவங்க சொல்ற வரைக்கும்.

2 ஜூலை 2018

இது தூக்கம் வராத ராத்திரி எழுதறது, நீளமானா மன்னிக்க வேண்டாம், தாண்டிப் போங்க.

லோமாக்ஸுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே அதே கோஹோமா கவுன்டிக்கு ஒருத்தர் போயிருக்கார். சார்ல்ஸ் பீபடி, ஹார்வர்ட்காரர். பாட்டுக்காகப் போகல, பழைய செவ்விந்தியர் மண்மேடு தோண்டப் போனார், 1901லயும் 1902லயும். தோண்டுறதுக்கு உள்ளூர் கறுப்பின ஆளுங்க. அவங்க வேலை செஞ்சுக்கிட்டே பாடுறாங்க, நாள் முழுக்கப் பாடுறாங்க, இவருக்குக் கவனம் மண்மேட்டுல இருந்து பாட்டுக்குப் போயிடுச்சு. 1903ல அதைப் பத்தி ஒரு நாட்டார் வழக்காற்று இதழ்ல எழுதினார். ப்ளூஸ்ங்கிற பேரே பரவாத காலம், ஆனா வரலாறு எழுதறவங்க எல்லாரும் அங்கதான் போய் நிப்பாங்க.

அதுல எனக்கு முக்கியம் வேற. ஒரு நாள் பீபடியும் இன்னொரு வெள்ளைக்காரரும் கத்தியை எறிஞ்சு மண்ணுல குத்த வைக்கிற விளையாட்டு ஆடிட்டிருக்காங்க. குழிக்குள்ள இருந்து ஒரு பாட்டு வருது: நான் களைச்சு சாகப் போறேன், அவங்க அங்க உக்காந்து கத்தி விளையாடுறாங்க. சனிக்கிழமை அரை நாள் லீவுன்னு சொல்லிட்டு வேலை இழுத்துட்டே போனதுக்கும் ஒரு வரி: ரொம்ப நீளமான அரை நாளுங்க கேப்டன். நேர்ல சொன்னா வேலை போகும், பாட்டுல சொன்னா துரை நோட்டுல எழுதிக்கிறார். அழுகைப் பாட்டுன்னு கேள்வியில இருந்துச்சே, இது அழுகையா?

இன்னொண்ணு. பீபடி ஒரு வயசானவரைப் பாடச் சொல்லிக் கேட்டாரே, அவர் வேலை பாத்த பண்ணை: ஸ்டோவால். மடியோட ஸ்டோவால்தான்.

9 ஆகஸ்ட் 2018

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "காசுக்காக வாசிச்சது கலப்படம்தானே, அதுக்கு நேரா பதில் சொல்லல"ன்னு கேக்குறார்.

நேரா சொல்றேன். மடி 1943ல சிகாகோ போனார். பண்ணையில மணிக்கு 22.5 சென்ட், 25 ஆக்குங்கன்னு கேட்டதுக்குக் கிடைக்கல, கிளம்பிட்டார். பேப்பர் ஃபேக்டரி வேலை, ஜன்னல் திரை டெலிவரி பண்ற லாரி. சிகாகோ பார்ல ஜனங்க கத்துற சத்தத்துல சாதா கிடார் கேக்காது, அதான் எலக்ட்ரிக். ஸ்டோவால்ல லோமாக்ஸுக்குப் பாடின அதே பாட்டை 1948ல எலக்ட்ரிக் கிடார்ல திருப்பிப் பாடி ரெக்கார்டு போட்டார், கிடுகிடுன்னு வித்துடுச்சு. அவரே ஒண்ணு வாங்க மேக்ஸ்வெல் தெருவுக்குப் போனா 79 சென்ட் ரெக்கார்டை 1.10 டாலர்னு விக்கிறாங்க, ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு வேற. நான்தான் பாடினவன்னாலும் கிடையாது.

1958ல இங்கிலாந்து போயி எலக்ட்ரிக்ல வாசிச்சா, சத்தம் தாங்கலைன்னு சில விமர்சகருங்க முகம் சுளிச்சாங்க. சரின்னு 1963ல சாதா கிடார் எடுத்துட்டுப் போனா, எங்கய்யா எலக்ட்ரிக்குன்னு கேட்டாங்க.

ஹவ்லின் வுல்ஃப் தன் பாண்டு ஆளுங்க சம்பளத்துல, நம்ம ஊர் பி.எஃப். மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி பிடிச்சுக் கட்டுவார், வேலையில்லாக் காலக் காப்பீடும் உண்டு. தெற்குல இருந்து சொந்தக் கார்ல, கையில காசோட வந்தவன் நான் ஒருத்தன்தான்னு பெருமையா சொல்லிக்குவார். எனக்கென்னவோ அந்தப் பெருமையும் ப்ளூஸ்ல சேர்த்திதான்.

10 ஆகஸ்ட் 2018

நேத்து எழுதினதைப் படிச்சா லோமாக்ஸை ரொம்ப மிதிச்ச மாதிரி ஒரு ருசி தெரியுது, இந்த இழை முழுக்கவே. மறுபக்கமும் சொல்லணும். பதிவு பண்ணிட்டுப் போனப்புறம் மடி ஸ்டோவால்ல இருந்து கடிதம் எழுதினார், என் பாட்டை எடுத்துக்கிட்டாங்களா, எடுத்திருந்தா கொஞ்சம் அனுப்புங்க ஐயா, சீக்கிரம் பதில் போடுங்கன்னு. காலம் கழிச்சு ரெண்டு ரெக்கார்டும் 20 டாலர் செக்கும் வந்துச்சு. அதை எடுத்துட்டுப் போயி ஜூக் பாக்ஸுல போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டாராம், என்னால முடியும், என்னால முடியும்னு. அது நடந்தது அந்த மெஷின் போனதாலதான். அதை மறுக்க முடியாது.

இருபது டாலர். ஒரு 'ஸ்வீட் ஹோம் சிகாகோ'.

28 அக்டோபர் 2018

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா யோசனை. அந்த பேஸ்காரரை நானும் ஒரு ராத்திரி வீடியோ எடுத்தேன், ரெண்டு செட்டும் முழுசா, அப்புறம் வெளியில தெருவுல நின்னு அவர் பேசினதும். 2011 கடைசி. டிவிடி போட்டுத் தரேன்னேன். அவர் பொண்ணுக்குக் காட்டணும்னு ரெண்டு வாட்டி கேட்டார், ஒரு வாட்டி மெசேஜ்லயும். அடுத்த வசந்தத்துல நான் ஊருக்கு வந்துட்டேன். மடியோட கடிதத்தைப் பத்தி இங்க டைப் பண்றப்ப கை அப்படியே நின்னுச்சு.

4 நவம்பர் 2018

ஹார்ட் டிஸ்க் அம்மா வீட்டுப் பரண்ல இருந்துச்சு. ஃபைல் திறக்குது. பழைய நம்பருக்கு மெசேஜ் போட்டிருக்கேன், ஒரே ஒரு டிக் தெரியுது. வீடியோவுல பேஸ் சத்தம் ரொம்பக் கம்மி, கேமராவை டேபிள் மேல வச்சிருக்கேன் போல. ராபர்ட் ஜான்சன் 1936ல ரெக்கார்டு பண்ணினதுன்னு பக்கத்துல யாருக்கோ நான் சொல்லிட்டிருக்கிறதுதான் முழுசா கேக்குது.